பகடை வீரர்களின் பற்றுவரவு

1974-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, மூன்று சிறு புத்தகங்களை ஒரு பெட்டியில் அடக்கி, 10 டாலர் விலையில், 1000 பிரதிகளாக வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டின் விதிகளில், இன்று அதை ஆடுவோர் கேட்டால் நகைக்கக்கூடிய விதி ஒன்று இருந்தது. குறுவாளால் குத்தினாலும் சரி, இரு கைகளாலும் ஓங்கும் பெருவாளால் வெட்டினாலும் சரி, பட்ட அடியின் சேதம் ஒரே அளவினது. ஆறு முகப் பகடை ஒன்றை உருட்டி, விழுந்த எண்ணை எதிரியின் உயிர்ப்புள்ளிகளிலிருந்து கழித்துவிட வேண்டியதுதான். மறு ஆண்டில் வெளிவந்த ‘கிரேஹாக்’ என்னும் அனுபந்தம் இந்தச் சமரசத்தைக் குலைத்தது. குறுவாளுக்கு நான்கு வரை, வாளுக்கு எட்டு வரை, இருகை வாளுக்குப் பத்து வரை என்று ஆயுதத்துக்கு ஆயுதம் சேதத்தைப் பிரித்துக் கொடுத்ததோடு நில்லாமல், திருடன் என்றொரு புதிய பாத்திர வகுப்பையும் அது அரங்கில் இறக்கிவிட்டது. எந்த வகுப்பைச் சேர்ந்தவன் அதிகமாக அடிக்கிறான் என்ற வழக்கு அன்று தொடங்கியது. அரை நூற்றாண்டு கடந்தும் அதற்குத் தீர்ப்பு எழுதப்படவில்லை.

இவ்விளையாட்டை அறியாதவர்களுக்கு இரண்டொரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்கிறார்கள். அவர்களுள் ஒருவர் டன்ஜன் மாஸ்டர். நம் பழைய நாடகங்களின் சூத்திரதாரியைப் போல, கதை நிகழும் உலகத்தையும், அதில் எதிர்ப்படும் அரக்கர்களையும், வழியில் கிடைக்கும் புதையலையும் அவரே வாய்மொழியால் சிருஷ்டிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் அம்பு எய்கிறேன்’ என்று தம் செயலைச் சொல்ல, அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை நிர்ணயிக்கிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வகுப்பு உண்டு. அதனை அப்பாத்திரத்தின் தொழில் என்று கொள்ளலாம். ஆதியில் போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என்று மூன்றே வகுப்புகள். பிற்காலத்தில் பன்னிரண்டுக்கும் மேலாகப் பெருகின. இதில் ஒருவரை ஒருவர் வெல்வது என்பதே கிடையாது. எல்லோரும் ஒரே அணி. ஒரே அணியில் நின்று போராடுகிறவர்களுக்குள்ளே யார் பெரியவர் என்ற வழக்கு எழுவது விந்தையாயிற்றே என்று சிலர் நினைக்கலாம். கூட்டுக்குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதில் ஒரு விந்தையும் தோன்றாது.

வழக்கை விசாரிக்கும் முறை பின்வருமாறு. 2014-ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். பாத்திரங்கள் யாவரும் ஐந்தாம் படியில் நிற்பதாகக் கொள்வோம். அடிக்க விரும்புகிறவர் இருபது முகப் பகடையை உருட்டித் தம் திறமைக்குரிய எண்ணை அதனோடு கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை எதிரியின் கவச எண்ணை எட்டினால் அடி பட்டது, எட்டாவிட்டால் காற்றை வெட்டியது. நம் போர்வீரனுக்கு உடல்வலிமையால் 4, பயிற்சியால் 3, ஆக 7 கூடுதல் உண்டு. எதிரியின் கவச எண் 15 என்றால், பகடையில் 8 முதல் 20 வரை விழும் பதின்மூன்று முகங்களில் எது வந்தாலும் அவனுக்கு வெற்றியே. அதாவது நூற்றுக்கு 65 முறை அடி படும். பட்ட பிறகு பெருவாளுக்கு இரண்டு ஆறுமுகப் பகடைகள். ஆறுமுகம் என்றதும் நமக்கு வேறு நினைவு வருவது இயல்பே. இங்கே அதற்கு வேலையில்லை. ஒரு பகடையின் சராசரி, அதன் எந்த முகத்திலும் எழுதப்படாத மூன்றரை; இரண்டுக்கு 7; வலிமையின் 4-ஐச் சேர்த்தால் 11. இதில் நூற்றுக்கு 65 பங்கு 7.15. பகடையில் 20 விழுந்தால் அது மர்மஸ்தானத்தில் பட்ட அடியாகக் கொள்ளப்பட்டுச் சேதப் பகடைகள் இரட்டிக்கும் ஆதலால், இருபதில் ஒரு முறை கிடைக்கும் அந்த அதிகப்படி 7-க்காக 0.35-ஐக் கூட்ட வேண்டும். ஓர் அடியின் மதிப்பு ஆக மொத்தம் 7.5. ஐந்தாம் படியை எட்டிய வீரன் ஒரு சுற்றில் இருமுறை அடிக்கலாம் என்பது விதி. எனவே ஆறு விநாடி நீளமுள்ள ஒரு சுற்றுக்கு அவனுடைய சராசரிச் சேதம் 15.

இவ்வளவு கணக்கை ஒரு விளையாட்டில் புகுத்துவானேன் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒரு செய்தி. இவ்விளையாட்டைப் படைத்த இருவருள் ஒருவரான கேரி கைகாக்ஸ், அதற்கு முன்பு காப்புறுதித் துறையில் ஊழியம் பார்த்தவர். எவர் வீடு எரியும், எவர் வீடு எரியாது என்பதை அறியாமலே எல்லா வீடுகளுக்கும் சேர்த்து ஒரு சராசரியைக் கட்டிவைப்பது அத்துறையின் நித்திய கர்மம். மற்றவரான டேவ் ஆர்னெசன் கதையின் போக்கிலேயே லயித்தவர் என்று சொல்வதுண்டு. ஆகவே கதையும் கணக்கும் இவ்விளையாட்டில் இரட்டைப் பிள்ளைகளாகவே பிறந்தன எனலாம். நளன் சரித்திரத்தில், தான்றி மரத்தின் கிளையைப் பார்த்த மாத்திரத்திலே இலையையும் கனியையும் கணக்கிட்டுச் சொன்ன இருதுபன்னனே சூதாட்டத்தின் இரகசியத்தையும் அறிந்தவனாயிருந்தான் அல்லவா? பகடையை மதித்தவர்கள் எண்ணையும் மதித்தே வந்திருக்கிறார்கள்.

அடுத்தவன் கள்வன். திருடன் என்ற பழைய பெயர் காலப்போக்கில் சற்றுக் கௌரவம் பெற்றுவிட்டது. ஆனால் தொழில் மாறவில்லை. அவனுக்கு ஒரு சுற்றில் ஓர் அடிதான். ஆனால் அவனுடைய தோழன் ஒருவன் எதிரியின் அருகில் நின்று அவன் கவனத்தைக் கவர்ந்திருந்தாலோ, வேறு விதமான சாதகம் வாய்த்தாலோ, அந்த ஓர் அடியோடு ஐந்தாம் படியில் மூன்று ஆறுமுகப் பகடைகள் கூடுதலாகச் சேரும். மெல்லிய குத்துவாளின் எட்டு முகப் பகடையும், கைச்சுறுசுறுப்பின் 4-ம், இந்த மூன்று பகடைகளும் சேர்ந்து பட்ட அடிக்குச் சராசரி 19. மேற்கூறிய முறையிலே கணக்கிட்டால் சுற்றுக்கு 13.1. போர்வீரனின் 15-க்கு இது குறைவுதானே என்று தீர்ப்பெழுத எவரும் பேனாவை எடுக்கலாம். சற்றுப் பொறுக்க வேண்டும். கள்வன் இருளில் ஒளிந்திருந்து தாக்கினால், அவன் இருபது முகப் பகடையை இருமுறை உருட்டி, இரண்டில் பெரியதைக் கொள்ளலாம். விதிநூல் இதனைச் சாதகம் என்றே அழைக்கிறது. அப்போது அடி தவறுவது நூற்றுக்கு 35-லிருந்து ஏறக்குறைய 12-ஆகக் குறைந்து, மர்ம அடி விழுவது 5-லிருந்து பத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்து, சராசரி 18.1 ஆகிவிடுகிறது. விளக்கு அணைந்திருந்தால் கள்வன் மேலானவன். எரிந்துகொண்டிருந்தால் வீரன் மேலானவன்.

இதிலே இன்னொரு சூட்சுமமும் உண்டு. விதிநூலை வழக்கறிஞர் கண்ணோடு படிப்பவர்களுக்கு அது ஒரு தின்பண்டம். கரவுத் தாக்குதல் என்னும் இந்தக் கூடுதல் சேதம் ஒரு ‘சுற்றுக்கு’ ஒருமுறை என்று நூல் சொல்லவில்லை. ஒரு ‘முறைக்கு’ ஒருமுறை என்றே சொல்கிறது. ஒரு சுற்றில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வரும். எனவே தன் முறையில் ஒருதரம் குத்திவிட்ட கள்வன், அரக்கன் தன் முறையிலே புறங்காட்டி ஓடும்போது, எதிர்வினையாக மறுபடியும் அதே கூடுதல் சேதத்தோடு குத்தலாம். ஒரு சொல்லின் பேதத்தால் 13.1 என்பது 26.2 ஆகிறது! எந்தச் சராசரி அட்டவணையிலும் இது ஏறுவதில்லை. ஏனென்றால் அரக்கன் ஓடுவானா மாட்டானா என்பது சூத்திரதாரியின் மனத்தில் இருக்கிறது.

சராசரி மறைக்கும் வேறொரு பேதமும் இங்குண்டு. வீரனுக்கு இரண்டு அடிகள் இருப்பதால், இரண்டும் தவறி அவன் வெறுங்கையோடு உட்காரும் சந்தர்ப்பம் நூற்றுக்கு 12 முறைதான். சாதகமில்லாத கள்வனுக்கோ அது 35. மூன்று சுற்றுகளுக்கு ஒருமுறைக்கு மேல் அவன் சூனியத்தைச் சம்பாதிக்கிறான்; மற்றச் சமயங்களில் மேசையே அதிரும்படி கைநிறையப் பகடைகளை உருட்டுகிறான். மாதச் சம்பளக்காரனுக்கும் கமிஷன் வியாபாரிக்கும் உள்ள வேற்றுமை இது. ஆண்டு இறுதியில் இருவர் வருமானமும் நெருங்கியிருக்கலாம், ஆனால் இருவர் உறங்கும் உறக்கமும் ஒன்றல்ல.

இனி மந்திரவாதி. வழக்கில் பெரும்பகுதி அவனைப் பற்றியதே. அவனுடைய பிரசித்தி பெற்ற அஸ்திரம் தீக்கோளம். ‘ஃபயர்பால்’ என்றால் இவ்விளையாட்டை ஆடாதவர்களுக்குங்கூடத் தெரிந்திருக்கும். இதன் பூர்வோத்தரத்தை விசாரிப்பது பயனுடையது. கைகாக்ஸ், ஜெஃப் பெரன் என்பவரோடு சேர்ந்து 1971-இல் வெளியிட்ட ‘செயின்மெயில்’ என்னும் பொம்மைப் படை யுத்த விளையாட்டின் அனுபந்தத்தில் மந்திரவாதி முதன்முதல் தோன்றியபோது, அவன் எறியும் தீக்கோளம் பெரிய கவண்பொறியின் கல் விழும் பரப்புக்கு ஒப்பாகவும், அவன் விடுக்கும் மின்னல் பீரங்கிக்கு ஒப்பாகவும் விதிக்கப்பட்டிருந்தன. அதாவது அவன் பிறவியிலேயே மனிதன் அல்லன். அங்கி போர்த்திய பீரங்கி. பொம்மைப் படையில் பீரங்கியையும் காலாட்படைவீரனையும் ஒப்பிட்டு யார் பெரியவன் என்று கேட்பவன் இல்லை. அந்தப் பீரங்கிக்கு ஒரு பெயரும், தாடியும், மேசையருகே ஒரு நாற்காலியும் கொடுத்த பிறகுதான் கேள்வி எழுந்தது. இவ்வழக்கின் ஆதிமூலம் இதுவே என்பது என் அபிப்பிராயம்.

ஐந்தாம் பதிப்பில் தீக்கோளம் எட்டு ஆறுமுகப் பகடைகள், சராசரி 28. இருபது அடி ஆரமுள்ள வட்டத்தில் அகப்பட்ட ஒவ்வொருவருக்கும் அந்தச் சேதம். குதித்து விலகத் தெரிந்தவர்களுக்குப் பாதி. நம் மந்திரவாதியின் தீக்கோளத்திலிருந்து விலகுவதற்குச் சாமானியச் சுறுசுறுப்புள்ள அரக்கனுக்கு நூற்றுக்கு 40 வாய்ப்பு என்று கொண்டால், ஆளொருவனுக்குச் சராசரி 22.4. நால்வர் அகப்பட்டால் ஏறத்தாழ 90. வீரன் ஆறு சுற்றுகள் வியர்வை சிந்தினால்தான் இந்த எண்ணை எட்ட முடியும். அதே பதிப்பைச் சேர்ந்த சூத்திரதாரி கையேட்டில், புதிய மந்திரங்களை இயற்றுவோருக்கு வழிகாட்டியாக ஓர் அட்டவணை இருக்கிறது. இந்தத் தரத்து மந்திரம் பலரைத் தாக்குவதாயின் ஆறு பகடைகள் போதும் என்கிறது அது. எட்டுப் பகடைத் தீக்கோளம் தன் வீட்டுச் சட்டத்தையே மீறி நிற்கிறது. செல்லப்பிள்ளை என்றால் அப்படித்தான்.

ஆயினும் 90 என்ற எண்ணைக் கண்டு மயங்கலாகாது. நால்வரும் காப்ளின் என்னும் குள்ளப் பூதங்கள் என்று வைத்துக்கொள்வோம். கவச எண் 15, உயிர்ப்புள்ளி 7. ஏழு புள்ளி உயிரை வாங்க இருபத்தெட்டுப் புள்ளி நெருப்பு எதற்கு? ஏட்டில் ஏறிய 90-இல் உண்மையிலே செலவானது 28. மீதி சாம்பலைச் சுட்டது. வீரனின் 11-லும் 4 இவ்வாறே வீணாகிறது. எதிரி சிவப்பு டிராகனாக இருந்தாலோ, நெருப்பு அதன்மேல் பலிக்காது என்பதால், 28-ம் பூஜ்யமே. சேதத்தை எவ்வளவு கொடுத்தோம் என்று எண்ணுகிறவர்கள் எவ்வளவு தேவைப்பட்டது என்று எண்ணுவதில்லை.

தீக்கோளத்தை அவன் எத்தனை முறை வீசலாம்? மந்திரத்தை மனத்தில் ஏற்றிவைத்துப் பிரயோகித்ததும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும் என்ற கற்பனையைக் கைகாக்ஸ், ஜாக் வான்ஸ் என்ற நாவலாசிரியரிடமிருந்து எடுத்துக்கொண்டார். 1950-இல் வெளிவந்த ‘தி டையிங் எர்த்’ என்ற நூலில் அந்தக் கற்பனை இருக்கிறது. ஐந்தாம் பதிப்பில் மறதி தளர்த்தப்பட்டாலும் எண்ணிக்கைக் கட்டுப்பாடு நீங்கவில்லை. ஐந்தாம் படி மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு இரண்டு தீக்கோளங்கள். நடுவில் ஒருமணி நேரம் ஓய்ந்து ஏட்டைப் புரட்டினால் மூன்றாவதும் கிட்டும். அதன் பிறகு அவனிடம் எஞ்சுவது, தீக்கணை என்னும் சின்ன வித்தையும் சில்லறை மந்திரங்களுமே. தீக்கணை எத்தனை முறையும் எய்யலாம். ஆனால் சுற்றுக்கு 7.7-தான், வீரனின் சராசரியில் ஏறக்குறையப் பாதி.

இப்போது ஒரு நாளைப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்கவேண்டி, சண்டைக்கு நான்கு சுற்றுகள், தீக்கோளத்துக்குத் தாங்கக்கூடிய எதிரிகள் மூவர் என்று வைத்து, சில்லறை மந்திரங்களை ஒதுக்கிவிடுகிறேன். அன்று ஒரே ஒரு சண்டை என்றால், வீரன் நான்கு சுற்றுகளில் 60 புள்ளியும், ஓய்வுக்கொருமுறை வாய்க்கும் இரட்டை வேகத்தால் 15 புள்ளியும் சேர்த்து 75 அடிக்கிறான். மந்திரவாதி இரண்டு கோளங்களும் இரண்டு கணைகளுமாக 150 அடிக்கிறான். சரியாக இரட்டிப்பு. அன்று ஆறு சண்டைகள், நடுவில் இரண்டு ஓய்வுகள் என்றால், வீரன் இருபத்துநான்கு சுற்றுகளில் 360-ம், மூன்று இரட்டை வேகங்களில் 45-ம், ஆக 405; மந்திரவாதி மூன்று கோளங்களில் 202-ம், எஞ்சிய இருபத்தொரு சுற்றுகளில் 162-ம், ஆக 364-தான். அதே இருவர், அதே பகடைகள், தீர்ப்பு தலைகீழ். சூத்திரதாரி கையேடு ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டுச் சண்டைகள் நடக்கலாம் என்று எண்ணியே வகுப்புகளைச் சமப்படுத்தியிருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் மூன்று மணி நேரம் கூடி, அதிலே ஒரு மணி நேரத்தைச் சிற்றுண்டிக்கும் வம்புக்கும் கொடுக்கிற நண்பர்கள் ஆறு சண்டைகளுக்கு எங்கே போவார்கள்? ஒன்றோ இரண்டோ நடக்கும். உடனே கதையில் இரவு வந்துவிடும். பாத்திரங்கள் கூடாரமடித்து உறங்கிவிடும். மந்திரவாதியின் உறையில் மறுநாள் காலை மறுபடியும் முழு மருந்து. வீரன் பலவீனன் என்று குறைப்படுகிற மேசைகளில் பெரும்பாலும் குறை வீரனிடத்தில் இல்லை, சூரியனிடத்தில் இருக்கிறது. அது சீக்கிரம் அஸ்தமித்துவிடுகிறது.

எந்த வகுப்பு அதிகம் அடிக்கிறது என்ற கேள்வி, உண்மையிலே அன்றைய பகல் எவ்வளவு நீளம் என்ற கேள்வியே என்று நான் நினைப்பது இதனால்தான். ஒப்பீட்டில் தேர்ந்தவர்கள் இந்தச் சிக்கலை அறிந்து, வார்லாக் என்னும் வகுப்பை அளவைப் பாத்திரமாக வைத்துக்கொள்வது வழக்கம்; தமிழிலே பாத்திரம் என்ற சொல் இரண்டு பொருளும் தருவது நமக்கு வசதியாய் அமைந்தது. எதிரியைச் சபித்துவிட்டு, கணைபோன்ற ஒரே மந்திரத்தை அலுக்காமல் எய்துகொண்டிருக்கும் அவனுக்கு நம் உதாரணத்தில் சுற்றுக்கு 17.8 வரும். அந்தப் படியால் அளந்து, இவன் தலைதட்ட நிற்கிறான், இவன் கோபுரமாய்க் குவிந்தான் என்கிறார்கள். அளப்பது தவறன்று. அளந்ததையே நெல்லென்று நினைப்பதுதான் தவறு.

ட்ரோல் என்றோர் அரக்கனை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். கவச எண் 15, உயிர்ப்புள்ளி 84. அவனுடைய விசேஷம் யாதெனில், வெட்டிய காயம் ஆறிக்கொண்டே வரும். தன் முறை வரும்போதெல்லாம் 10 புள்ளி மீண்டுவிடும். நெருப்போ அமிலமோ பட்டால் மட்டும் அடுத்த முறைக்கு ஆறாது. நெருப்புக்கு அஞ்சும் இந்த ட்ரோலைக் கைகாக்ஸ், போல் ஆண்டர்சன் எழுதிய ‘த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்’ என்ற நாவலிலிருந்து எடுத்துக்கொண்டார். நம் வீரன் தனியே நின்று இவனோடு பொருதால், சுற்றுக்கு 15 வெட்டி, 10 ஆற, 5 மிஞ்சும். அவனை வீழ்த்தவே ஏறத்தாழப் பதினைந்து சுற்றுகள் ஆகும். அதற்குள் வீரன் இருக்கமாட்டான். இப்போது மந்திரவாதி, கோளமெல்லாம் தீர்ந்தவன், ஒரு சின்னத் தீக்கணையை எய்கிறான். ஏட்டில் அவன் பெயருக்கு நேரே 7.7 ஏறுகிறது. ஆனால் கணை பட்ட நூற்றுக்கு 65 முறையும் ட்ரோலின் 10 புள்ளி மீளாமற் போகிறது, அந்த 6.5-ஐயும் சேர்த்தால் அவன் செய்தது 14.2. யார் வரவில் எழுதுவது இந்த 6.5-ஐ? வெட்டியவன் வீரன்; வெட்டு ஆறாமற் செய்தவன் மந்திரவாதி. கூட்டுச் சொத்தில் பாகம் பிரிக்கும் வழக்குகளைப் போல, இதற்கு இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

இந்த அநியாயத்தில் மிகவும் இழப்பவர் சமயகுருவே. ஆசி என்றொரு மந்திரம் அவரிடம் உண்டு; முதல் படியிலேயே கிடைக்கும் எளிய மந்திரம். மூன்று தோழர்களுக்கு ஆசி கூறினால், அவர்கள் அடிக்க முயலும் ஒவ்வொரு முறையும் நான்கு முகப் பகடை ஒன்றைக் கூடுதலாக உருட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். அதன் சராசரி இரண்டரை. இருபதில் இரண்டரை என்பது நூற்றுக்குப் பன்னிரண்டரை. வீரனின் சுற்றுச் சேதம் இதனால் 2.75 உயரும், கள்வனுடையது 2.4 உயரும். சமயகுரு ஒருமுறை கை உயர்த்தியதோடு சரி. மனஒருமைப்பாடு கலையாதிருக்கும் வரை, ஒரு நிமிஷத்துக்கு, அதாவது பத்துச் சுற்றுகளுக்கு, ஐம்பது புள்ளிக்குச் சேதம் விளைந்துகொண்டே இருக்கும். அவர் பெயருக்கு நேரே ஏட்டில் பூஜ்யம்.

சூதாட்ட மனம் படைத்தோருக்குச் சில தனி வழிகள் உண்டு. அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெருவாள் வீரன் ஒரு விசேஷப் பயிற்சி பெற்றால், அடிபடும் எண்ணில் 5-ஐ இழந்து சேதத்தில் 10-ஐப் பெறலாம். கவச எண் 15 உள்ளவனிடம் இது இலாபம்; 15 என்ற சராசரி 17.5 ஆகும். கவச எண் 18 உள்ளவனிடம் நஷ்டம், 11.7 இருந்தது 11.2 ஆகும். இலாபநஷ்ட எல்லை 17-க்கும் 18-க்கும் இடையே இருக்கிறது. ஆனால் எதிரியின் கவச எண்ணைச் சூத்திரதாரி சொல்லமாட்டார். பாலடின் என்னும் தர்ம வீரனோ அடி பட்ட பிறகு, மர்ம அடிதான் விழுந்தது என்று கண்ணால் பார்த்துக்கொண்ட பிறகு, தன் தெய்வபலத்தை அதன்மேல் ஏற்றலாம். குதிரை ஜெயித்ததைப் பார்த்துவிட்டுப் பந்தயம் கட்டுவதைப் போன்ற பாக்கியம் இது. 2024-இல் வந்த திருத்தப் பதிப்பு முதல் வழியை அகற்றி அதற்குப் பதில் சிறு நிச்சயக் கூடுதலை வைத்தது. இரண்டாவதை முறைக்கு ஒன்றென்று கட்டுப்படுத்தியது. சூதாடிகள் வருந்தினார்கள்.

வழக்கை அடியோடு தீர்த்துவிடவும் ஒருமுறை முயன்றார்கள். 2008-இல் வந்த நான்காம் பதிப்பு, தாக்குவோர், காப்போர், நடத்துவோர், அடக்குவோர் என்று வகுப்புகளுக்கு வெளிப்படையாகவே வேலை பிரித்துக் கொடுத்து, சேதம் விளைப்பது தாக்குவோரின் கடமை என்று எழுதியும் வைத்தது. வீரனுக்கும் மந்திரவாதிக்கும் சமமாக, எப்போதும் செய்யத்தக்கவை, சண்டைக்கொருமுறை செய்யத்தக்கவை, நாளுக்கொருமுறை செய்யத்தக்கவை என்று ஒரே அச்சில் வித்தைகளை வார்த்துத் தந்தது. பகல் நீண்டாலும் குறுகினாலும் தீர்ப்பு பெரிதாக மாறாது. கணித நோக்கில் அதை நேர்த்தியான வேலை என்றே சொல்வேன். ஆனால் எல்லா வகுப்பும் ஒரே ருசியாயிருக்கிறது என்று பலர் இலையை மூடிவிட்டார்கள். ஐந்தாம் பதிப்பு பழைய ஏற்றத்தாழ்வுகளுக்கே பெரும்பாலும் திரும்பியது. எவன் அதிகம் அடிக்கிறான் என்று சண்டையிடுவோருக்கு, எல்லோரும் ஒரே மாதிரி அடிக்கிறார்கள் என்ற தீர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

ட்ரோல் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். வீரன் பகடையை உருட்டுகிறான், 6 விழுகிறது. ஏழைக் கூட்டினால் 13, வேண்டியது 15. அவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கையை இழுக்கும்போது, எதிர்ப்பக்கத்தில் இதுவரை பேசாதிருந்த சமயகுரு, கூர்நுனி மேலே நிற்கும் நான்கு முகப் பகடை ஒன்றை விரலால் தள்ளி மேசையின் குறுக்கே அவன் பக்கம் நகர்த்துகிறார். அவன் அதை எடுத்து உருட்டுகிறான். 3.

சேதம் 11. ஏட்டைத் திறந்து, வீரனின் பெயருக்கு நேரே எழுதிக்கொள்கிறார்கள்.